நிறம் அணைந்த பலகையில் எழுந்த அருவி

என் பெயரைக் கூப்பிட்ட கணத்திலிருந்து கைக்கடிகாரத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர், எங்கள் தலைமையாசிரியர் ஞானசம்பந்தம் ஐயா அவர்களே. இவன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்து, கடைசியில் ஆண்டவன்மேல் பாரத்தைப் போட்டுக் கொடுத்துவிட்ட ஓவிய ஆசிரியை வேல்விழி அவர்களே. ஓவியப் பாடவேளைகளை ஆண்டாண்டு காலமாக அன்போடு வாங்கிச் சென்று, திருப்பித் தரும் வழக்கமே இல்லாத கணக்காசிரியர் முத்துராஜ் ஐயா அவர்களே. குற்றாலப் பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்றதும் தோளில் துண்டும் தலையில் எண்ணெயுமாக இந்த மண்டபத்துக்குள் ஒதுங்கிய பெரியோர்களே. முன்வரிசையில் அமர்ந்து, என் சட்டையின் மேல்பொத்தானைப் போடச் சொல்லிச் சைகை காட்டிக்கொண்டிருக்கும் என் தாயே. அவரைப் போலவே தத்தம் பிள்ளைகளின் பொத்தான்களைக் காத்துவரும் ஏனைய தாய்மார்களே. கைதட்டுவதற்கென்றே நான் கூட்டிவந்து கடைசி வரிசையில் உட்காரவைத்திருக்கும் கண்மணிகளே: உங்கள் அனைவருக்கும் பதினோராம் வகுப்பு ஹுஸைஃபாவின் பணிவான வணக்கம்.

பொத்தானைப் போட்டுவிட்டேன் உம்மா. இனிப் பேசலாமா?

எனக்கு முன்னால் பேசிய முத்துராஜ் ஐயா, ஓவிய வகுப்பில் ஸ்மார்ட் போர்டு எதற்கு, தொடுதிரை டேப் எதற்கு, அதையெல்லாம் கணக்கு வகுப்புக்குக் கொடுத்துவிட்டு ஒரு பென்சிலை எடுத்து வரையவேண்டியதுதானே என்று கேட்டார். கேள்வி கூர்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். பதில் சொல்லிவிட்டு அவருடைய வகுப்புக்கே நாளை நான் போகவேண்டும் என்பதையும் அவை நினைவில் கொள்ளட்டும்.

எனக்குப் பின்னால் மேடையின் அகலத்துக்குத் தொங்குகிறதே ஒரு சீலை, அதைப் பாருங்கள். என்னை மறந்துவிட்டுப் பாருங்கள். பேரருவி. பாறையில் விழுந்து, பொங்குமாங்கடல் என்கிற பாறைக்குழியில் புரண்டு, புகையாய் எழுந்து, கீழே நிற்கிற கூட்டத்தின் தலைமேல் தவிடுபொடியாகிற தண்ணீர். வெளியே தடை போட்டிருக்கிற அருவி உள்ளே தாராளமாக விழுந்துகொண்டிருக்கிறது. நனையாமல் குளித்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் அண்ணாச்சி இப்போதே தலையைத் துவட்டுகிறார். மகிழ்ச்சி.

இதை வரைந்தவன் யார்? கருவியா, கையா? அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் பள்ளி தென்காசியில் இருக்கிறது. ஓவிய அறைக்கு ஒரு ஸ்மார்ட் போர்டும் சில டேப்புகளும் வளைகுடாவில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களின் புண்ணியத்தில் வந்தன. இந்தக் கண்காட்சிக்கு ஒரு பெரிய திரைச்சீலை வேண்டும் என்றதும் வேல்விழி டீச்சர் ஒரு வழி சொன்னார். ஆளுக்கொரு தாளில் அருவியை வரையுங்கள், ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து ஸ்மார்ட் போர்டில் போடுகிறேன், எந்தப் படத்துக்கு அதிகம் கை உயர்கிறதோ, அந்தப் படம்தான் சீலை ஏறும், வரைந்தவர்தான் தலைவர். எவ்வளவு நேர்மையான தேர்தல் பாருங்கள். அதில் நான் கலந்துகொள்ளும்வரை.

வெற்றி யாருக்கு என்பதில் ஐயமே இல்லை. எங்கள் வகுப்பு ஜுஹைனா தூரிகையைத் தொட்டால் வண்ணப்பெட்டிக்கு வயிற்றைக் கலக்கும். சிவப்பு என்றால் செக்கச் சிவப்பு. பச்சை என்றால் பச்சைப் பசேல். அவள் வரைந்த அருவியோரம் பூத்திருந்த பூக்கள் உண்மையில் பூத்திருந்தால் குரங்குகள் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நடமாட முடியும். முறைக்காதே ஜுஹைனா, பாராட்டத்தான் போகிறேன், கொஞ்சம் பொறு.

இன்னொரு பக்கம் பாண்டித்துரை. குற்றாலத்துப் பழக்கடை கடற்கரை மாமாவின் மகன். பேச்சு குறைவு. பென்சிலில் வரைந்தால் பெஞ்சே திரும்பிப் பார்க்கும். வண்ணத்தில் இறங்கினால் வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அன்று அவன் வரைந்த மலை, மழையில் கிடந்த இரும்புபோல் துருவேறிக் கிடந்தது. மரங்கள் செம்பழுப்பு. பாறையோ அடர்பச்சை.

"ஏலே பாண்டி, மலைக்கு எப்பம்லே தீ வச்ச?" என்றான் ஒருவன்.

"பாறைய அவிச்ச பட்டாணின்னு நெனச்சுட்டான்லே," என்றான் இன்னொருவன்.

பாண்டித்துரை தூரிகையைக் கீழே வைத்தான். தாளைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். மறுபடியும் தாளைப் பார்த்தான்.

இப்போது என் பங்கு வருகிறது. ஸ்மார்ட் போர்டுக்கு ரிமோட் உண்டு. ரிமோட்டில் நிறத்தை ஏற்றவும் இறக்கவும் ஒரு வசதி உண்டு. அந்த ரிமோட் அன்று என் கால்சட்டைப் பையில் உண்டு. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். தலைமையாசிரியர் இங்கேதான் இருக்கிறார். ஜுஹைனாவின் படம் திரையில் ஒளிர்ந்தது. ஆகா என்றார்கள். அழகு என்றார்கள். கைகள் கதிர்களைப்போல் எழத் தொடங்கின. பைக்குள்ளேயே பொத்தானை அழுத்தினேன். நிறம் மெல்ல மெல்ல வெளுத்து, வெளுத்து, முழுதாக அணைந்துபோயிற்று.

"டீச்சர், போர்டு செத்துப்போச்சு," என்று முதல் பெஞ்சிலிருந்து ஒப்பாரி.

ஆனால் அவையோரே, செத்தது போர்டு அல்ல. ஜுஹைனாவின் செக்கச் சிவப்புப் பூவும் பச்சைப் பசேல் இலையும் ஒரே சாம்பலாகிவிட்டன. பூ எது, இலை எது, பாறை எது, யாருக்கும் தெரியவில்லை. கரைத்துவைத்த சிமெண்டுபோல் ஒரு படம். அடுத்தடுத்து வந்த படங்களும் அதே சிமெண்டு. என்னுடைய படமும் வந்தது. அது நிறம் இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது என்பதால் பெரிய இழப்பில்லை.

அதற்கடுத்து வந்தது பாண்டித்துரையின் படம்.

சிரிப்பு நின்றது. துரு இல்லை, பட்டாணி இல்லை. கன்னங்கரேல் என்று பின்வாங்கி நின்றது பாறை. அதைப் பிளந்துகொண்டு பாய்ந்தது அருவி. நுரை முன்னால் வந்தது. நிழல் பின்னால் போனது. இடையில் சாரல் மிதந்தது. முதல் பெஞ்சில் இருந்த பிள்ளை ஒன்று தன்னையறியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டது. எந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தோமோ, அந்தப் படம் எங்களைப் பார்த்துச் சிரித்தது.

வேல்விழி டீச்சர் திரைக்கு அருகே போனார். திரும்பாமலேயே பின்னால் கையை நீட்டினார்.

"ஹுஸைஃபா, ரிமோட்ட குடு."

"டீச்சர், நானில்ல டீச்சர்…"

"குடுலே. நிறத்த ஏத்த மாட்டேன். இது இப்படியே இருக்கட்டும்."

என் குறும்பு வரலாற்றில் ஓர் ஆசிரியர் என்னைத் திருத்தாமல் விட்ட ஒரே நாள் அதுதான்.

அப்புறம் டீச்சர் விளக்கினார். ஒரு படத்தில் ஆழத்தைக் கொடுப்பது எது வெளிச்சம், எது இருட்டு என்கிற கணக்கு. முத்துராஜ் ஐயா கவனிக்கவும்: ஓவியத்திலும் கணக்கு இருக்கிறது. நாங்களெல்லாம் வண்ணத்தின் கூச்சலில் அந்தக் கணக்கைத் தவறவிட்டோம். சிவப்பும் பச்சையும் எங்கள் கண்ணைக் கட்டிப்போட்டன. பாண்டித்துரை மட்டும் தவறவிடவில்லை. ஏன்?

அந்த 'ஏன்' கேட்டவள் ஜுஹைனா. தோற்கப்போகிற கோபத்தில்தான் கேட்டாள்.

"எல்லாஞ்சரி. மலைய எதுக்குலே இந்த நிறத்துல அடிச்ச?"

"பச்சையிலதான அடிச்சேன்," என்றான் பாண்டித்துரை.

யாரோ சிரிக்க வாயெடுத்தார்கள். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். டீச்சர் இணையத்தில் எதையோ தேடி, ஸ்மார்ட் போர்டில் ஒரு வட்டத்தைக் கொண்டுவந்தார். வட்டம் நிறையச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். நடுவில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். எட்டு என்று வகுப்பு முழுக்கக் கத்தினோம். அதைத் தெரியாதவர் யார்?

"எங்கன இருக்கு எட்டு?" என்றான் பாண்டித்துரை.

"அங்கனதாம்லே, நட்ட நடுவுல."

அவன் எழுந்து அருகே போனான். விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். பிறகு திரும்பி, நேராக என்னைப் பார்த்தான்.

"எல்லாரும் சேந்து என்னைய ஓட்டுதியளாலே? இது உன் வேலதான?"

"சத்தியமா இல்லலே."

"டீச்சர், நீங்களுமா?"

அவையோரே, நான் செய்யாத குறும்புக்காக நான் குற்றவாளிக் கூண்டில் நின்ற நாள் அது. என் புகழ் அப்படி. எட்டு இருக்கிறது என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவன் நம்பவில்லை. டீச்சர் அவனைத் தோளில் தட்டி உட்காரவைத்து, சிலர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது, பிறவியிலேயே அப்படி, அது நோயுமில்லை, யாருடைய குற்றமுமில்லை என்று சொன்ன பிறகுதான் நம்பினான். பின்னாளில் கண் மருத்துவரும் அதையே உறுதி செய்தார். நிறம் அவனை ஏமாற்றியதால் அவன் நிழலைப் படித்துவிட்டான். நாங்கள் இரண்டு நிறம் பார்க்கிற இடத்தில் அவன் இருபது வெளிச்சம் பார்த்தான்.

கை தூக்கச் சொன்னார் டீச்சர். முதலில் எழுந்த கை யாருடையது தெரியுமா? ஜுஹைனாவுடையது. பாராட்டுவேன் என்று சொன்னேன் அல்லவா? இதோ பாராட்டிவிட்டேன்.

அத்தோடு வெற்றி வந்துவிட்டதா? வந்திருந்தால் நான் இப்போது உட்கார்ந்திருப்பேன். அவைத்தலைவரும் அதைத்தான் விரும்புகிறார்.

சீலை வரைய ஒரு சனி ஞாயிறு முழுதாக வேண்டும். சீசன் நேரத்துச் சனி ஞாயிறு என்றால் குற்றாலத்தில் ஒரு பழக்கடைக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? ராம்புட்டானும் மங்குஸ்தானும் மலைபோல் குவிந்திருக்கும். வாங்க வருகிற கூட்டம் அருவிபோல் வந்துகொண்டிருக்கும். கடற்கரை மாமா முடியாது என்றுவிட்டார். முடியாது என்று மட்டும் சொன்னாரா? பாண்டித்துரையின் முகத்துக்கு நேரே ஒரு கேள்வியும் கேட்டுவிட்டார்.

"காயி எது பழம் எதுன்னு பாத்து எடுக்கத் தெரியாத பயலுக்குப் படம் ஒரு கேடா?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. பழுத்த ராம்புட்டான் சிவப்பு, காய் பச்சை. இங்கே நடக்கப் பழகிய பிள்ளைக்கும் அது தெரியும். கடையில் நின்றால் பாண்டித்துரை இரண்டையும் கலந்து நிறுத்துப் போடுவான். சிவகிரியிலிருந்து வந்து வாங்கிப்போன ஒருவர் புளித்த வாயோடு திரும்பிவந்து சண்டை போட்டிருக்கிறார். கவனமில்லாதவன், சோம்பேறி, கனவு காண்கிறவன் என்று கடைத்தெருவெல்லாம் அவனுக்குப் பட்டம். உண்மையை அப்பாவிடம் சொல்லடா என்றோம். சொன்னான். அவர் என்ன சொன்னார்?

"வேலைக்கு டிமிக்கி குடுக்க இப்படி ஒரு சாக்காலே?"

அவர்மேல் தப்பு சொல்வீர்களா? நான் சொல்லமாட்டேன். கண்ணால் பார்க்காததை எப்படி நம்புவது? அதிலும் அது இன்னொருவர் கண் பார்க்காத ஒன்று.

அதனால்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம், சாரல் சன்னமாய்ச் சிந்திக்கொண்டிருக்க, நானும் ஜுஹைனாவும் டேப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். டேப்பின் கேமராவில் ஒரு வசதியை டீச்சர் போட்டுத் தந்திருந்தார். அதன் வழியே பார்த்தால் பாண்டித்துரையின் கண்ணுக்கு உலகம் ஏறக்குறைய எப்படித் தெரியுமோ, அப்படித் தெரியும். அவ்வளவுதான். அது வரையாது. வண்ணம் பூசாது. பேசக்கூடப் பேசாது.

"மாமா, இதுல கொஞ்சம் பாருங்க."

"போட்டோ புடிக்கியா? புடி. பழத்த மட்டும் தொடாத."

"போட்டோ இல்ல மாமா. சும்மா குவியலப் பாருங்க."

கைத்துண்டில் ஈரத்தைத் துடைத்துவிட்டு வாங்கினார். குவியலுக்கு நேரே பிடித்தார். நெற்றி சுருங்கியது.

"ஏலே, செவப்பு எங்கலே போச்சு?"

"எங்கயும் போகல மாமா. அங்கனயேதான் இருக்கு. இத எடுத்துட்டுப் பாருங்க."

எடுத்தார், பார்த்தார். வைத்தார், பார்த்தார். மறுபடியும் எடுத்தார். குவியலிலிருந்து ஒன்றைக் கையிலெடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தார்.

"இது காயா, பழமா?" என்றார்.

"நீங்கதான் சொல்லணும் மாமா."

அவரால் சொல்ல முடியவில்லை. எத்தனையோ சீசன்களாகப் பழம் விற்கிற கை. திருப்பித் திருப்பிப் பார்த்தது. திரையில் எல்லாமே ஒரே மங்கல் பழுப்பு. ஒரு கிலோ போடுங்க அண்ணாச்சி என்று யாரோ கேட்டார்கள். செத்த நில்லுங்க என்றார். தராசுக்குப் பின்னால் மகன் நின்றான்.

"இத்தன சீசனா உனக்கு இப்படியாலே தெரிஞ்சுது?"

"ஆமாப்பா."

"எப்பிடிலே பிரிச்ச அப்ப?"

"முள்ளத் தொட்டுப் பாத்துத்தான். கூட்டம் வந்துட்டா தொட நேரமிருக்காது. எல்லாத்துக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன். நீங்க மட்டும் எப்பிடித் தூரத்துல இருந்தே சரியா எடுக்கியன்னு எனக்குப் புரியவே இல்ல."

கடற்கரை மாமா டேப்பை ஜுஹைனாவிடம் கொடுத்தார். கிலோ கேட்டவருக்குப் பழம் நிறுத்துப் போட்டார். பையைக் கட்டினார். பிறகு, மகனைப் பார்க்காமல், குவியலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்குக் கடைக்கு வராத. போயி வரை."

கைதட்டுங்கள். கடைசி வரிசை, நான் சைகை காட்டாமலேயே தட்டுகிறீர்கள். இதுதான் உண்மையான கைதட்டல்.

அந்தச் சனியும் ஞாயிறும் இந்தச் சீலை தரையில் விரிந்து கிடந்தது. வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்பதை முடிவு செய்தவன் பாண்டித்துரை. அந்த வெளிச்சத்துக்கு எந்தப் பச்சை, அந்த இருட்டுக்கு எந்தச் சிவப்பு என்று குழைத்துக் கொடுத்தவள் ஜுஹைனா. இங்கன இன்னும் இருட்டு வேணும் என்பான். இதுக்கு மேல இருட்டுனா கரிதான் என்பாள். சண்டை முற்றினால் டேப்பை எடுத்து நிறத்தை அணைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அவன் சொன்னதே சரியாக இருக்கும். அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

நானும் என் பங்கைச் செய்தேன். யாருக்கும் தெரியாமல் செயற்கை நுண்ணறிவிடம் ஓர் அருவி வரைந்து தரச் சொன்னேன். நொடியில் தந்தது. அருவி இருந்தது, மலை இருந்தது, மயிலும் இருந்தது. ஆள் ஒருவர்கூட இல்லை. சீசனில் கூட்டமில்லாத குற்றாலத்தை எந்தக் கண் கண்டது? எண்ணெய்த் தலை ஒன்று இல்லாத, ஈரத்துண்டு ஒன்று இல்லாத, தள்ளுலே தள்ளுலே என்ற சத்தம் இல்லாத அருவி நம் அருவியா? முத்துராஜ் ஐயா, உங்கள் அச்சம் அங்கே நியாயமானது. வரைந்து தரச் சொன்னபோது கருவி என்னை ஏமாற்றியது.

ஆனால் பார்க்கச் சொன்னபோது? ஒரு மகனின் கண்ணை ஒரு தந்தையின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தது எது? பென்சிலால் அது முடிந்திருக்குமா? பெருக்கல் வாய்ப்பாட்டால் முடிந்திருக்குமா? சிரித்த வகுப்பின் வாயை அடைத்து, சிரிக்கப்பட்டவனின் படத்தைச் சிங்காசனம் ஏற்றியது எது? நான் திருடிய, மன்னிக்கவும், நான் தற்காலிகமாகப் பாதுகாத்த ஒரு ரிமோட். ஓவிய அறை என்பது பார்க்கக் கற்றுக்கொள்கிற அறை என்றால், இன்னொருவர் எப்படிப் பார்க்கிறார் என்று காட்டுகிற கருவிக்கு அங்கே இடமில்லாமல் வேறெங்கே இடம்? ஸ்மார்ட் போர்டு ஓவிய அறையிலேயே இருக்கட்டும். டேப்புகள் ஓவிய அறையிலேயே இருக்கட்டும். ஓவியப் பாடவேளையும், ஐயா, தயவுசெய்து ஓவிய அறையிலேயே இருக்கட்டும்.

முத்துராஜ் ஐயா சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். இத்தனை பேர் சாட்சி. இனி அந்தப் பாடவேளைக்கு யாரும் அறிவியலை அனுப்பிவிடாதீர்கள்.

இன்னும் ஒரு சேதி. இன்று ஞாயிற்றுக்கிழமை. சீசன். குற்றாலம் கொள்ளாத கூட்டம். அப்படிப்பட்ட நாளில் பழக்கடையைப் பூட்டிவிட்டு ஒருவர் இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதும் விசேஷமா என்று பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். எடுங்கள் கடற்கரை மாமா. எடுத்து, ஆமாம், விசேஷம்தான் என்று சொல்லுங்கள்.

கூர்ந்து பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். இவ்வளவு பெரிய சீலையில் வரைந்தவன் பெயர் இல்லை. காலையில் கேட்டேன். எந்த நிறத்தில் போட என்று தெரியவில்லை, தப்பாகிவிட்டால் படம் கெட்டுவிடும் என்றான். ஜுஹைனாவிடம் கேட்டுப் போடேன் என்றேன். பெயரையுமா கேட்டுப் போட என்றான். நேரே ஜுஹைனாவிடம் ஓடினேன்.

ஏலே பாண்டி, தூணுக்குப் பின்னால் ஒளிந்தது போதும். மேடைக்கு வா. வண்ணப் புட்டிகள் இதோ இருக்கின்றன. ஒட்டியிருந்த நிறப் பெயர்ச்சீட்டுகளை ஜுஹைனா கிழித்துவிட்டாள். அவளிடம் கேட்காதே, டேப்பில் பார்க்காதே. கைக்கு வந்த புட்டியைத் திற.

வருகிறான். அவையோரே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அவன் எழுதி முடிக்கிறவரை அது என்ன நிறம் என்று யாரும் சொல்லாதீர்கள். எழுதி முடித்த பிறகும் சொல்லாதீர்கள்.

அவைத்தலைவர் கைக்கடிகாரத்தை விட்டுவிட்டுச் சீலையைப் பார்க்கிறார். அதுவே எனக்குக் கிடைத்த பரிசு. பொறுத்திருந்து கேட்ட செவிகளுக்கும், வலிக்க வலிக்கத் தட்டிய கைகளுக்கும், ஓடாமல் உட்கார்ந்திருந்த கால்களுக்கும் என் நன்றி. ஒலிபெருக்கியை நல்லபடியாகத் திருப்பித் தருகிறேன் டீச்சர். எல்லோருக்கும் வணக்கம்.

எழுது பாண்டி. முழுப் பெயரையும் எழுது. பெரிசா எழுதுலே.